தூங்கியவர்கள் போட்ட ஓட்டு

மிருகங்களும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மலைக்காட்டில் ஒரு சுனை இருந்தது. கோடை வந்தால் அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான் தண்ணீர். யார் முதலில் குடிப்பது, யார் பிறகு குடிப்பது என்று சொல்ல அதற்கு ஒரு காவல்காரர் உண்டு.

அந்த வருஷம் வரைக்கும் காவல்காரர் முட்டியப்பன் என்கிற காட்டுப்பன்றி. விடிந்ததும் தன் கூட்டத்தோடு சுனையில் இறங்கிப் புரளுவார். அவர் எழுந்த பிறகு சின்ன உயிர்களுக்கு மிஞ்சுவது சேறுதான். போன கோடையில் அந்தச் சேற்றைக் குடித்து நோயில் படுத்த குட்டிதான் பொட்டு. பிழைத்ததே பெரும்பாடு. பொட்டுவின் அம்மா செதிலி, உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில் உள்ள ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி.

காவல்காரரை மாற்றத் தேர்தல் வந்தது. பன்றியை எதிர்த்து நின்றவர் கிளைக்கொம்பர் என்கிற கடமான். சுனைக்கரையில் இரண்டு பக்கமும் ஈரமண் பரப்பியிருந்தார்கள். பிடித்தவர் பக்கம் போய் ஒரு கால் பதித்தால் அதுதான் ஓட்டு.

அழுங்குக்குப் பகல்தான் தூங்கும் நேரம். ஆனால் செதிலி அன்றைக்குத் தூங்கவில்லை. பொட்டுவை வால்மேல் ஏற்றிக்கொண்டு, கண் கூசக் கூச, இரண்டு தரம் வழிதவறி, உச்சிவெயிலில் சுனைக்கு வந்து சேர்ந்தாள்.

தேர்தலை நடத்தியவர் கொக்கையா. ஒற்றைக்காலில் நின்றபடி கேட்டார். "பேரு?"

"செதிலி."

"நீதான் காலையிலேயே போட்டுட்டியே!"

"நானா? நான் இப்பத்தானே வர்றேன்!"

"இதோ உன் காலு. பன்றியார் பக்கம் போட்டிருக்கே."

செதிலி குனிந்து பார்த்தாள். நீள நீளமாக நகங்கள் ஆழப் பதிந்திருந்தன. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"கொக்கையா, நகம் புத்தைக் கிண்டத்தான். நடக்கும்போது அழுங்கு நகத்தை மடக்கிக்கிட்டு விரல் முட்டியிலதான் நடக்கும். நான் வந்த தடத்தைப் பாருங்க! இதை எவனோ குச்சியால வரைஞ்சிருக்கான்!"

கொக்கையா தடத்தைப் பார்த்தார். பன்றியையும் பார்த்தார். "எனக்கு எதுக்கும்மா வம்பு? உங்க கட்சிக்காரர்கிட்ட சொல்லு."

கிளைக்கொம்பர் நாவல்மர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என் ஓட்டைத் திருடிட்டாங்கண்ணே!"

"அப்படியா தங்கச்சி! வன்மையாகக் கண்டிக்கிறேன்!"

"கண்டிச்சு?"

"மிக வன்மையாகக் கண்டிப்பேன்!"

"அங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்கண்ணே."

"வெயில் தாழட்டும். செயற்குழு கூடி ஒரு முடிவு எடுப்போம்."

"வெயில் தாழ்ந்தா எண்ணியே முடிச்சிருவாங்க!"

"அப்போ அதையும் கண்டிப்போம்!"

செதிலிக்கு அவர்மேல் கோபம்கூட முழுசாக வரவில்லை. நல்லவர்தான். பொட்டு படுத்தபோது வளைக்கே வந்து கண்கலங்கியவர். தண்ணீர்தான் கொண்டுவரவில்லை.

'இனி ஓட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். போய்த் தூங்கலாம்' என்று திரும்பினாள்.

"அம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போலாமா?" என்றது பொட்டு.

சுனையோரம் நின்ற பன்றிகள் உறுமின. "உங்க வரிசை வரல!"

செதிலி நின்றாள். வளைக்குப் போகிற வழியைப் பார்த்தாள். பிறகு நேராகப் போய், அந்தப் பொய்த்தடத்தின்மேல் உட்கார்ந்து, பொட்டுவை வயிற்றில் அணைத்து, பக்கத்து மருதமர வேரை வாலால் இறுக்கி, பந்தாகச் சுருண்டுவிட்டாள்.

"ஏய்! நகரு!" என்றார் முட்டியப்பன்.

"என் ஓட்டை என்கிட்ட குடுங்க. நகருறேன்!" என்று பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

பன்றி முட்டித் தள்ளியது. கோரைப்பல்லால் நெம்பியது. செதில் உரசி மூக்கு எரிந்ததுதான் மிச்சம்.

"நீங்க எண்ணுங்கய்யா!" என்று கொக்கையாவிடம் கத்தினார் முட்டியப்பன்.

"எப்படி எண்ண? எந்தக் காலை மூடியிருக்காளோ, பார்க்க முடியலையே!" என்று கொக்கையா காலை மாற்றி நின்றார். அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியது.

வெயில் கொளுத்தியது.

"உள்ளே வேகுதும்மா!"

"பொறு தங்கம். வெயிலுக்கும் அலுத்துப் போகும்."

பொழுது சாய்ந்தது. பகலில் தூங்குகிறவர்கள் எல்லாம் எழுந்து தண்ணீருக்கு வந்தார்கள். "சுனைக்கரையில என்னடி உருண்டை?" என்று கேட்டாள் முள்ளம்பன்றி. சுருளைப் பிரிக்காமலே செதிலி நடந்ததைச் சொன்னாள்.

முள்ளம்பன்றி மண்ணை உற்றுப் பார்த்தாள். "ஐயய்யோ, இங்க என் காலும் இருக்கு! நான் நடந்தா முள்ளு இழுத்த கோடு இருக்குமே, அது எங்க?"

"நானும் போட்டிருக்கேனே!" என்று கிளையிலிருந்து தேவாங்கு அலறியது. "நான் தரையில கால் வச்சதே இல்லையே!"

ஆந்தை கண்ணை உருட்டியது. "செத்துப்போன எங்க பெரியப்பா காலும் இருக்கு! உசுரோட இருந்தப்பகூட அவர் இவ்வளவு சுறுசுறுப்பா வந்ததில்லையே!"

எல்லாரும் பன்றியைப் பார்த்தார்கள். மரத்திலிருந்த ஒரு குரங்கு, கையிலிருந்த குச்சியை மெதுவாகக் கீழே நழுவவிட்டது. கூட்டம் செதிலியைச் சுற்றி வந்து நின்றது. ஒருத்தரும் நகரவில்லை.

கொக்கையா இரண்டு காலையும் ஊன்றினார். "மண்ணை அழிங்க! எல்லாரும் பார்க்க, மறுபடியும் ஓட்டு!"

தண்ணீருக்கு எல்லாரும் வருகிற நேரம்தான். ஒவ்வொருவராக வந்து கால் பதித்தார்கள். முள்ளம்பன்றியின் முதுகில் ஏறிவரப் பார்த்த தேவாங்கு, மனதை மாற்றிக்கொண்டு, தாழ்ந்த கிளையில் தொங்கியபடியே காலை நீட்டியது. செதிலி முட்டியை மண்ணில் அழுத்தி, அழுத்தினதைத் தானே குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

கடமான் ஜெயித்தார். கொம்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "நமது போராட்டம் வென்றது!"

"அண்ணே," என்றாள் செதிலி, "நீங்க படுத்திருந்த இடத்துல புல்லு இன்னும் எந்திரிக்கல."

காடே சிரித்தது. கிளைக்கொம்பருக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. "சரி தங்கச்சி. இப்போ நான் என்ன செய்யணும்?"

"பேசாதீங்க. தள்ளி நில்லுங்க. குட்டிங்க முதல்ல குடிக்கட்டும்."

அவர் தள்ளி நின்றார். பொட்டு தெளிந்த தண்ணீரை வயிறு முட்டக் குடித்தது. தலை கவிழ்ந்து நின்ற முட்டியப்பனைச் செதிலி கூப்பிட்டாள். "உங்க குட்டிகளும் குட்டிங்கதானே, வரச் சொல்லுங்க. புரளத்தான் கூடாது!"

குடித்து முடித்து ஒவ்வொருவராகப் போனார்கள். கொக்கையாவும் பறந்துபோனார். கடைசியாகச் செதிலி, வால்மேல் தூங்கிப்போன பொட்டுவைச் சுமந்துகொண்டு, நகங்களை மடக்கி, முட்டியில் நடந்து போனாள்.

நம் உரிமை பறிபோகும்போது யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காமல், நாமே முதலில் போய் நிற்க வேண்டும்.