பொன்னாச்சி நடந்த எல்லை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் குடையாதீர்கள், ஒரு ராஜாவுக்கு இரும்புப் பைத்தியம் பிடித்தது. பக்கத்து நாட்டானிடம் ஆயிரம் வாள் இருக்கிறதாம். இவருக்கு இரண்டாயிரம் வேண்டுமாம்.

மந்திரி மழவராயர் இதற்காகவே காத்துக்கிடந்தவர். அவருடைய மைத்துனர் இரும்பு உலை வைக்கத் துடித்துக்கொண்டிருந்தார். உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். மரம் இருந்ததோ வெள்ளாரை மலையில். அது ஊர்ப் பொதுக்காடு. அந்தக் காட்டில் விழுகிற மழைதான் மெல்ல இறங்கி ஏரியை நிரப்பும். ஏரி இல்லாவிட்டால் வெள்ளாரையில் வயலும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை.

"சும்மா பிடுங்கினால் பழி வரும் அரசே. பரிவர்த்தனை செய்வோம்," என்றார் மழவராயர். "மலையை நாம் எடுத்துக்கொண்டு, வடக்கே கிடக்கும் பொட்டலை ஊராருக்குக் கொடுப்போம். அளவில் கோலுக்குக் கோல் சரி. இரண்டும் நிலந்தானே?"

ராஜா தலையாட்டினார். சபையும் ஆட்டியது. அரசவை விகடன் ஆதிச்சன் மட்டும் எழுந்தான்.

"அரசே, நான் சாப்பிட்டு எழுந்த இலையையும் மந்திரியார் உட்காரப்போகும் இலையையும் மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். இலைக்கு இலை சரிதானே?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. மழவராயர் அதைக் கவனித்துவிட்டார்.

"இவ்வளவு பேசுகிறவனே போய்ப் பரிவர்த்தனையை முடித்து வரட்டும் அரசே. மூன்று நாளில் முடியாவிட்டால் தலையை எடுத்துவிடலாம்."

ராஜா ஆணை ஓலையில் முத்திரை வைத்தார். போயிற்று! ஊரின் வயிற்றில் அடிக்கும் வேலை ஆதிச்சன் தலையிலேயே விழுந்தது.

அந்த நாட்டில் நிலம் கைமாறினால் பிடி சூழ வேண்டும். பெண் யானை ஒன்றை நடக்க விடுவார்கள். அது சுற்றி வந்த தடமே எல்லை. உள்ளே அகப்பட்டதெல்லாம் பெறுகிறவருக்குச் சொந்தம். பாகன் அங்குசத்தைத் தொட்டால் பரிவர்த்தனை செல்லாது. அதனால் முன்கூட்டியே எல்லைக்கல் நட்டு, கல்லுக்குக் கல் கரும்பு வைத்து யானையை இழுப்பார்கள். கொடுக்கிற நிலத்தைச் சூழ்ந்த பிறகுதான் எடுக்கிற நிலத்தைத் தொடலாம்.

"பொட்டலுக்குக் கல் ஒரு கேடா, கரும்பு ஒரு கேடா?" என்று மழவராயர் ஒன்றையும் அனுப்பவில்லை. கோடாரிக்காரர்களை மட்டும் மலைக்கு அனுப்பிவிட்டார். பரிவர்த்தனை முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை, பாவி மனுஷன்.

பொன்னாச்சி என்ற பெண் யானை, பாகன் சடைக்கன், எல்லையை எழுத மந்திரி அனுப்பிய ஓலைக்காரர் ஆகியோருடன் ஆதிச்சன் வெள்ளாரைக்குப் போனான். மலையின் கிழக்குச் சரிவில் மரங்கள் விழும் சத்தம் கேட்டது. ஏரிக்கு மடை திறக்கும் இருளாயி வழிமறித்தாள்.

"வாங்கய்யா விகடரே. எங்க வாயில மண்ணப் போட உங்களத்தான் அனுப்புனாங்களா?"

"ஆமாம்மா."

"ஊரச் சிரிக்க வைக்கிற ஆளாச்சே. இப்ப எங்களச் சிரிக்க வைங்க பாப்போம்."

ஆதிச்சன் யானையோடு பொட்டலின் வடகோடிக்கு நடந்தான்.

"சடைக்கா, பொன்னாச்சி எவ்வளவு நேரம் தாகம் தாங்குவாள்?"

"இந்த வெயில்லயா? உச்சிக்கு மேல தாங்க மாட்டா சாமி."

"அதுவரை தண்ணீர் காட்டாதே. சாயங்காலக் கவளத்தை இந்த இடத்திலேயே உருட்டி வை."

வாயில்லா ஜீவனை வெயிலில் நிறுத்தியது அவனுக்கே பொறுக்கவில்லை. அதன் முகத்தைப் பார்க்காமல் நின்றான். உச்சிப்பொழுதில் கட்டை அவிழ்த்ததும் பொன்னாச்சி துதிக்கையைத் தூக்கி மோந்தாள். விறுவிறுவென்று ஏரியைப் பார்த்து நடந்தாள்.

"திருப்பு! யானையைத் திருப்பு!" என்று அலறினார் ஓலைக்காரர்.

"அங்குசம் பட்டால் செல்லாது ஐயா. நடக்கிற இடத்தை எழுதும்," என்றான் ஆதிச்சன்.

ஏரியின் மேற்கு முனையில் பொன்னாச்சி வயிறு முட்டக் குடித்தாள். வந்த வழியே திரும்பினால் வட்டம் விழாது, ஆதிச்சன் தலைதான் விழும். அவளோ பசியில் மலையேறினாள். தழை ஒடித்துத் தின்றபடி முகடு நெடுக நடந்தாள். கிழக்குச் சரிவு வந்ததும் நின்றுவிட்டாள். வெறும் அடிமரங்கள், புகை. ஒரு கால்கூட அதில் வைக்கவில்லை. வெட்டின ஓரமாகவே இறங்கி, ஏரியின் மறுகரை வழியாகக் கவளத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் சபையில் எல்லை ஓலையைப் படித்ததும் மழவராயர் குதித்தார்.

"மோசடி அரசே! ஏரியும் மலையும் ஊராருக்கே போய்விட்டன!"

"முத்திரை தங்களுடையது. தடம் யானையுடையது. எழுதியது மந்திரியாரின் ஆள். நான் கூடவே நடந்தேன், அவ்வளவுதான்," என்றான் ஆதிச்சன்.

"அப்படியானால் என் இரும்பு?" ராஜாவின் குரலில் கோபம் இருந்தது.

"இரும்பு வேண்டும் அரசே. கலப்பையின் கொழுவும் இரும்புதானே? இப்போது பொட்டல் ஊராருடையது. மந்திரியார் வெட்டிய சரிவு மட்டும் எல்லைக்கு வெளியே தங்கள் பங்காக நிற்கிறது. அதில் பொட்டலின் அளவுக்குச் சரியாக அளந்து ஊராருக்குக் கொடுத்துவிட்டு, பொட்டலைத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய மரத்தைக் கரியாக்கி உலையைப் பொட்டலில் எரிக்கட்டும். கோலுக்குக் கோல் சரி. இரண்டும் நிலந்தானே?"

ராஜா மழவராயரைப் பார்த்தார். பொட்டல் மலையைவிட மட்டமான நிலம் என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்து, தன் பட்டுச் சால்வையை எடுத்து ஆதிச்சனுக்குப் போர்த்தினார்.

சால்வையோடு ஆதிச்சன் வெள்ளாரைக்கு ஓடினான். அதற்குள் ஒரு கோடைமழை பெய்திருந்தது. மொட்டைச் சரிவிலிருந்து செம்மண் கரைந்து ஏரியில் கலந்துகொண்டிருந்தது. இருளாயி அந்தச் சரிவில் மரக்கன்றுகளுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினான், ராஜா சிரித்ததுவரை. அவள் கேட்டாள். சிரிக்கவில்லை.

"நல்லதுதான் செஞ்சீங்க. நல்லா இருங்க."

"இந்தச் சரிவு மறுபடி காடாக எத்தனை வருஷம் ஆகும்மா?"

"எங்காலத்துல ஆவாது. உங்க காலத்துலயும் ஆவாது." கடப்பாரையை அவன் பக்கம் நீட்டினாள். "நிக்காதீங்க. மழை திரும்ப வரும்."

அரண்மனையில் ராஜா வந்தவர் போனவரிடமெல்லாம் யானைக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளாரை மலையில் ஆதிச்சன் சால்வையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, பதினோராவது குழியை வெட்டிக்கொண்டிருந்தான்.