நூல் ஒயருக்கு ஒரு பியூஸ்

"டீச்சர், தடிச்ச கேபிளுக்கு பியூஸ் போடச் சொன்னிய, போட்டேன். இந்த நூல் ஒயருக்கும் ஆளுக்கொண்ணா? இது கரண்ட் சொமக்கிற ஒயரே இல்லையே. எந்த செல்லு எவ்வளவு வோல்ட்டுல இருக்குன்னு, பேட்டரியைக் கவனிக்கிற போர்டுகிட்டப் போய்க் கோள் சொல்லுற ஒயர்தானே?"

கேட்டவர் லூர்தையா. தன் படகுக்குத் தானே லித்தியம் பேட்டரி கட்ட வேண்டுமென்று ஐம்பது வயதில் படிக்க வந்தவர். சொல்லிக்கொடுத்த ரெஜினாவுக்கு அவருடைய மூத்த மகள் வயசு.

கடற்கரையில் யார் குரலானாலும் லூர்தையா அச்சாகப் பேசிக் காட்டுவார். ரெஜினா குரல் மட்டும் பிடிபடவில்லை. அவள் பேசினால்தானே.

இப்போதும் பேசவில்லை. மணலில் ஒரு செல்லை வைத்தாள். அதே நூல் ஒயரில் ஒரு துண்டை நறுக்கி, மூங்கில் குச்சியால் தள்ளி, இரண்டு முனைக்கும் குறுக்கே விட்டாள்.

ஒயர் சிவந்தது. அடுத்த கணம் ஒயர் இல்லை. மணலில் கருப்பாக ஒரு கோடு.

"கோள் சொல்லுற ஒயர்னு செல்லுக்குத் தெரியாது, அண்ணாச்சி."

லூர்தையா போய் உட்கார்ந்தார். சாயங்காலம் எழுந்தார். போர்டை ஒட்டிப் பல்வரிசை மாதிரி பியூஸ்கள். அத்தனை அம்சம்.

"படகுல ஏத்திருவோமா? வெள்ளோட்டத்துக்கு நீங்களும் வாரியளா, டீச்சர்?"

ரெஜினா பேட்டரிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நான் வரல."

"கடல் ஒத்துக்காதா?"

"தீ ஒத்துக்காது."

அவர் முகம் சுருங்கியது. "ஒரு ஒயரைக்கூட விடலையே."

"கரண்ட் எங்கருந்து வருது?"

செல்லைக் காட்டினார்.

"காவக்காரன் எங்க நிக்கான்?"

"போர்டு வாசல்ல."

அவள் ஒரு நூல் ஒயரைச் செல்லிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனாள். பாதி வழியில், பெட்டியின் இரும்பு விளிம்பில் ஒயர்கள் நெருங்கித் திரும்பும் இடத்தில், விரல் நின்றது.

"அலை தூக்கித் தூக்கிப் போட்டா இங்கதான் தோல் உரியும். பக்கத்து ஒயர்ல முட்டும். அப்ப இங்க யாரு?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் லூர்தையா. மணலில் கிடந்த கருப்புக் கோடு நினைவுக்கு வந்தது. பல்வரிசையை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

மறுநாள் படகடியில் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு ஒயரும் செல்லில் பிறக்கும் இடத்திலேயே ஒரு பியூஸ். இரும்பு விளிம்புப் பக்கம் ஒரு ஒயரும் போகவில்லை.

வாரியளா என்று கேட்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. முதல்முறையாக ரெஜினா குரல் அவருக்கு அச்சாக வந்தது.

ரெஜினா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படகை நோக்கித் தண்ணீரில் இறங்கினாள்.