தொண்ணூற்றிரண்டாவது கிலோமீட்டர்

சிங்காநல்லூரில் பல் டாக்டர் தெய்வசிகாமணியின் கிளினிக் புதன்கிழமை திறக்காது. அன்றைக்குப் பல்வலி வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வியாழன் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டாக்டர் பூங்கோதையின் பைக் பட்டறையில் சம்மணம் போட்டுக் கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருப்பார்.

பூங்கோதைக்கு முப்பத்தாறு வயது. டாக்டருக்கு ஐம்பத்தேழு. ஆனாலும் அவர் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். ஊருக்கு வெளியே பந்தயத் தளத்தில் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை விரட்டி அவள் வாங்கிய கோப்பைகள் பட்டறை அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் நட்டும் போல்ட்டும் கிடக்கும், பெரிய கோப்பையில் பிளேயரும் ஸ்பேனரும் நிற்கும்.

டாக்டர் மூன்று வருஷமாகச் சிஷ்யர். இந்த மூன்று வருஷத்தில் அவர் கேட்ட ஒரு கேள்விக்காவது மாஸ்டர் நேராகப் பதில் சொன்னாள் என்று கிடையாது. பிளக் ஏன் கறுத்துப்போகிறது என்று கேட்டால், அந்தப் பிளக்கையும் ஒரு துணியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். டாக்டரும் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தப் புதன்கிழமை அவர் எட்டு மணிக்கே வந்து நின்றார். ராத்திரி தூங்கவில்லை என்று முகமே சொல்லிற்று. பட்டறை நடுவில் அந்த வண்டி நின்றது. ஆர்.டி. 350 என்ற பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்.

ஒரு மில் முதலாளி வரப்போகிற மாப்பிள்ளைக்கு என்று வாங்கிய வண்டி அது. நிச்சயம் முடிந்து பத்திரிகையும் அடித்த பிறகு கல்யாணம் நின்றுபோயிற்று. அப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் அதைப் பார்க்கவே மனசில்லை. பஞ்சுக் கிடங்கில் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்துத்தான் தார்ப்பாயைத் தூக்கினார்கள். டாக்டர் தம்மிடம் இருந்த நான்கு பழைய வண்டிகளையும் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தார். ஓடிய கிலோமீட்டரைக் காட்டுகிற மீட்டரில் 00091 என்று இருந்தது.

இந்த எண் என்ன பாடு படுத்தும் என்பது பழைய வண்டிப் பைத்தியங்களுக்குத்தான் தெரியும். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கம்பெனியில் போட்டபடி இருந்தாலே கையெடுத்துக் கும்பிடுவார்கள். பெயிண்டும் பழையதாகவே இருந்தால் குனிந்து தடவிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் மீட்டரும் இரண்டு இலக்கத்தில் நின்றுவிட்டால் சில பேருக்குக் கண்ணே கலங்கிவிடும். கிடங்கில் டாக்டருக்குக் கலங்கியது. மில்காரரின் பேரன் அதைப் பார்த்துப் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பெங்களூரில் பெள்ளியப்பா என்று ஒரு காபித் தோட்டக்காரர் இருக்கிறார். நாற்பது வண்டி சேர்த்து வைத்திருக்கிறவர். ஆர்.டி.யின் படத்தைப் பார்த்த அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார். இந்த வண்டியைக் கொடுத்தால், தன்னிடம் உள்ள சிவப்பு இத்தாலிய ரேஸ் வண்டியைத் தந்துவிடுவதாகச் சொன்னார்.

அந்த இத்தாலிய வண்டியின் படம் டாக்டரின் கிளினிக் கூரையில் இருபது வருஷமாக ஒட்டியிருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். சிங்காநல்லூரில் பாதிப் பேருக்கு அந்த வண்டி அத்துப்படி.

"ஒரே கண்டிஷன், டாக்டர்," என்றார் பெள்ளியப்பா. "மீட்டர் தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு ஆச்சுன்னா எனக்கு வேண்டாம்."

இன்றைக்கு நாலு மணிக்கு அவர் இத்தாலிய வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்.

மாஸ்டர் ஒரு மாதமாக ஆர்.டி.யோடு மல்லுக்கட்டியிருந்தாள். டேங்க்கில் துரு எடுத்தாள், சீல் எல்லாம் மாற்றினாள், வெடித்துப்போன டயரைக் கழற்றிப் புதுசு போட்டாள். அந்த வெடித்த டயரையும் டாக்டர் பேப்பரில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். பெள்ளியப்பா கேட்பார் என்றார்.

மத்தியானச் சாப்பாடு ஆயிற்று. டாக்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"கொடுக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கோணுமுங்க. ஆர்.டி.ய நான் தொடைச்சிருக்கறேன், பிரிச்சு மாட்டியிருக்கறேன். ஓட்டினதில்லீங்க. காலேஜுல கூடப் படிச்சவன் வெச்சிருந்தான். உனக்குக் கையி வேர்க்குதுடான்னு சொல்லித் தரவே மாட்டேன்னுட்டான்."

"ஓட்டுங்க. வண்டி ரெடி."

"மீட்டர் ஏறிடுமே."

"ஓட்டினா ஏறத்தான் செய்யுமுங்க."

டாக்டர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகிற கேபிளை விரலால் தொட்டார். அப்புறம் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"இதை மட்டும் கழட்டிட்டா ஏறாதில்லீங்க?"

வேண்டாம் என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். அவள் பெரிய கோப்பையிலிருந்து பிளேயரை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாவது உதைக்கு வண்டி எழுந்துகொண்டது. பட்டறை முழுக்க நீலப் புகை. டாக்டர் அந்தப் புகையை ஊதுவத்திப் புகை மாதிரி இழுத்து முகர்ந்தார். ஹெல்மெட்டை மாட்டினார், கையைப் பேன்ட்டில் துடைத்தார், கிளம்பினார்.

ஒண்டிப்புதூர் வரைக்கும் வண்டி நல்ல பிள்ளையாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு ரோடு காலி. டாக்டர் லேசாக முறுக்கினார். எஞ்சின் சுற்றைக் காட்டுகிற ஆர்.பி.எம். முள் ஐயாயிரத்தைத் தாண்டியதுதான் தாமதம், வயிறு ஒண்டிப்புதூரிலேயே நின்றுவிட்டது, ஆள் மட்டும் சூலூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார். "அய்யோ அம்மா" என்று கத்தினார். கத்தி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதில் தனக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. எதிரே வந்த லாரி டிரைவர் சத்தத்தைக் கேட்டே வெளியே தலையை நீட்டிக் கையைத் தூக்கினார். டாக்டரும் தூக்கினார். எவ்வளவு வேகம் போகிறோம் என்று குனிந்து பார்த்தார். ஸ்பீடு முள் பூஜ்யத்தில் கிடந்தது.

போனால் போகிறது என்று மறுபடி முறுக்கினார்.

அரை மணி கழித்துப் பட்டறைக்குள் வந்து இறங்கியபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பல்லில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தது. அடுத்தவர் பல்லில் எதைக் கண்டாலும் விடாத மனுஷன், அதைத் துப்பக்கூட இல்லை.

"மாஸ்டர், சூலூர் வரைக்கும் போயிட்டனுங்க. அந்த ஐயாயிரம் தாண்டறப்ப இருக்குது பாருங்க, யாரோ பின்னால இருந்து புடிச்சுத் தள்ற மாதிரி. நான் கத்திட்டனுங்க. நெசமாலுமே கத்திட்டேன்."

"எவ்வளவு வேகம் போனீங்க?"

"அது தெரியலீங்க. முள்ளு சைபர்லயே நின்னுது."

"எவ்வளவு தூரமுங்க?"

டாக்டர் மீட்டரைப் பார்த்தார். 00091.

"பெள்ளியப்பா கேட்டா, ஓட்டினேன்னு சொல்லுவீங்களா?"

"அவருகிட்ட எப்படிங்க சொல்றது?"

"வீட்டுல உங்க சம்சாரத்துகிட்ட?"

"அவ போன்ல எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போடுவா."

"ஞாயித்துக்கிழமை வண்டிக்காரங்க எல்லாம் கூடுவீங்களே, அங்க?"

அங்கே சொன்னால் சாயங்காலத்துக்குள் பெங்களூருக்குப் போய்விடும். இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவில்லை என்றால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. சொல்ல ஒரு ஆளைத் தேடினால், ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

"அப்ப நீங்க எங்கயும் போகலீங்க," என்றாள் மாஸ்டர்.

அவள் பாட்டுக்குத் திரும்பிக் கையைக் கழுவினாள். டாக்டர் பல்லிலிருந்த பூச்சியை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"அந்த இத்தாலி வண்டி எத்தனை ஓடியிருக்குதுங்க?" என்று மாஸ்டர் முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"நாப்பத்தெட்டே நாப்பத்தெட்டு கிலோமீட்டருங்க." அந்த நிலைமையிலும் டாக்டருக்குக் குரலில் பெருமை வந்துவிட்டது.

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கீழே கிடந்த பிளேயரை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"வெச்சுக்குங்க. அதுக்கும் வேணுமில்லீங்க."

டாக்டர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கூரையில் இருபது வருஷமாகப் பார்த்த சிவப்பு வண்டி நினைவுக்கு வந்தது. அதைப் பாலிஷ் போட்டு, துணி போர்த்தி, நாற்பத்தெட்டில் நிறுத்தி வைத்து, கேபிளைக் கழற்றிக்கொண்டு விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு சுற்று போய்விட்டு வருகிற தம்மையும் பார்த்தார். அவருக்கு அழுகை வரும் போல இருந்தது. வந்தது சிரிப்பு.

மண்டி போட்டார். கேபிளை மாட்டினார். பிளேயரால் இறுக்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். பிளேயரைக் கோப்பையிலேயே திரும்பப் போட்டார். இந்தத் தடவை முதல் உதைக்கே வண்டி எழுந்துகொண்டது.

அவர் போன பிறகு நடந்ததை மாஸ்டர் அவரிடம் சொல்லவில்லை. எதிர் டீக்கடைக்காரர்தான் அடுத்த நாள் பல்லைக் காட்டவந்த இடத்தில் சொன்னார்.

நாலு மணிக்கு லாரி வந்து நின்றது. பெள்ளியப்பா கையில் டார்ச்சோடும் பூதக்கண்ணாடியோடும் இறங்கினார். பட்டறை நடுவில் எண்ணெய்ச் சொட்டுத்தான் இருந்தது.

"டாக்டர் எங்கேம்மா?"

"ஓட்டப் போயிருக்காருங்க."

"எதை?"

திருச்சி ரோட்டுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பெள்ளியப்பா நாற்பது வண்டிக்காரர், காதில் விழுந்ததுமே கண்டுகொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"கேபிளைக் கழட்டிட்டுத்தானே போனார்? பரவாயில்லே, நாங்களும் அப்படித்தான் செய்வோம். உண்மையைச் சொல்லும்மா."

"மாட்டிட்டுத்தான் போனாருங்க."

பெள்ளியப்பா லாரி ஓரமாகச் சாய்ந்துகொண்டார். சத்தம் ஐயாயிரத்தைத் தாண்டி ஏறி, சூலூர் பக்கமாகத் தேய்ந்துபோயிற்று.

"முப்பத்தைந்து வருஷம்மா," என்றார். "முப்பத்தைந்து வருஷமா தொண்ணூற்றொன்றிலே நின்ன வண்டி. எல்லாம் போச்சே. இப்போ எத்தனையாவது கிலோமீட்டர் ஓடுதோ."

மாஸ்டர் அவருக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"வண்டிக்குத் தொண்ணூத்திரண்டோ, தொண்ணூத்தி மூணோ இருக்குமுங்க," என்றாள். "டாக்டருக்கு இதுதான் மொதோ கிலோமீட்டரு."