ஆள் வைத்துச் சுமந்த குடம்

பிள்ளைகளே, ஆற்றைக் கடக்கப் பாலம் என்று ஒன்று எவருக்கும் தெரியாத அந்தக் காலத்தில், குன்றடி என்று ஒரு ஊர் இருந்தது. ஊரை ஒட்டி ஒரு குன்று. குன்றின் உச்சியில் முருகன். ஏறிப் போக நானூறு படி.

அங்கே ஒரு வழக்கம். ஆணோ பெண்ணோ, பதின்மூன்று வயது ஆகிவிட்டால், தினமும் விடியலில் அடிவாரத்துக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து, சாமியின் அபிஷேகத்துக்கு மேலே சுமந்து போகவேண்டும். பதினெட்டு முடிகிறவரை அப்படித்தான்.

எண்ணெய் வணிகர் வீட்டு ஒரே மகன் திருமேனி முதல் நாள் சுமந்துவிட்டு, கால் வலிக்கிறது என்று அழுதுகொண்டு வந்தான். பெற்ற மனம் பொறுக்குமா? தாய் கோமளம், "சாமிக்குத் தண்ணிதானே வேணும், யார் சுமந்தா என்ன?" என்று கூலிக்கு ஒரு ஆளை வைத்துவிட்டாள். பூசாரியும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

குயவர் வீட்டு இடும்பன் திருமேனிக்குச் சோட்டுப் பிள்ளை, ஒரே வயது. தினமும் திருமேனி வீட்டு வாசலில் நின்று கேலி செய்வான்.

"உன் குடம் எனக்கு முந்தியே மேலே போயாச்சுடா. நீ எப்படா வருவே?"

திருமேனி போகவில்லை. பதின்மூன்றில் கால் வலி. பதினைந்தில் தூக்கம். பதினெட்டில் வெட்கம், எல்லார் முன்னாலும் மூச்சு வாங்குமே.

வயது தாண்டிய பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் இடும்பனுக்கு நாற்பதிலும் விடிந்தால் கால் தானாகப் படியைத் தேடிப் போகும். போகாத நாளில் சோறு இறங்காது. திருமேனி கடை மெத்தையை விட்டு எழுந்திருக்கவில்லை. உடம்பு கெட்டுப்போகிறது, தினமும் நட என்று வைத்தியர் சொன்னார். அவனும் மூன்று தடவை புறப்பட்டான். மகள் வடிவு பிறந்த வருஷம் நாற்பது படி ஏறினான். மனைவி கண்ணை மூடிய வருஷம் இருபது. மூன்றாம் தடவை கிணற்றடியோடு திரும்பிவிட்டான்.

வடிவுக்கு ஆறு வயது நடந்தது. அந்த ஐப்பசியில், நல்ல உச்சிப் பொழுதில், மேற்கே பெரிய ஏரி உடைந்தது. ஊரே குன்றை நோக்கி ஓடியது. திருமேனியும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நாற்பத்தைந்தாம் படியில் நெஞ்சை அடைத்தது. உட்கார்ந்துவிட்டான். கீழே தண்ணீர் ஒவ்வொரு படியாக விழுங்கிக்கொண்டு வந்தது.

இடும்பன் தன் தாயை மேலே விட்டுவிட்டு மறுபடி இறங்கி வந்தான். வடிவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் திருமேனியை இழுத்தான். ஐந்து படி. மழையில் நனைந்த கல் வழுக்கியது. மூன்று பேரும் சாய்ந்தார்கள். பிடித்த கையை விடாவிட்டால் பிள்ளையும் போய்விடும் என்று திருமேனிக்குத் தெரிந்தது. அவனே கையை உருவிக்கொண்டான்.

"புள்ளையைக் கொண்டு போடா. திரும்பிப் பார்க்காதே."

தோளில் இருந்தபடி வடிவு கையை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் படிதான்ப்பா. வாங்கப்பா."

அவனுக்கும் போக ஆசைதான். உட்கார்ந்தபடியே ஒரு படி நகரப் பார்த்தான். கால் கேட்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. அப்புறம் அந்தப் படியே தெரியவில்லை.

முருகா, எந்தத் தகப்பனுக்கும் அப்படி ஒரு முடிவு வரவேண்டாம்.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. சேறு எதுவரைக்கும் படிந்திருக்கிறது என்று இடும்பன் போய்ப் பார்த்தான். அறுபதாம் படியோடு நின்றிருந்தது. திருமேனி கையை விட்டது ஐம்பதாம் படியில். வடிவிடம் இடும்பன் அதைக் கடைசிவரை சொல்லவில்லை.

வளரும் வயதில் உடம்பு எதைப் பழகுகிறதோ அதைத்தான் வளர்ந்த பிறகும் கேட்கும் பிள்ளைகளே, அந்தப் பழக்கத்தை நமக்காக இன்னொருவர் சுமந்து தர முடியாது.