தெருவைப் பார்த்த செருப்பு

"மூணு தடவை பிளான் போட்டாச்சு. மூணு தடவையும் திருப்பி அனுப்பிட்டீங்க. என்ன குறைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மேடம்?"

கேட்டவர் ஞானசிகாமணி. வயது அறுபத்திரண்டு. நாற்பது வருடமாகக் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தில்லைநாயகி, தோப்பூர் தீயணைப்பு நிலைய அலுவலர். வயது முப்பத்தைந்து. இந்தக் கதையில் குரு அவர்தான். என்ன செய்வது, அப்படி அமைந்துவிட்டது.

தோப்பூரில் தோப்பெல்லாம் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. தீயணைப்பு நிலையம் மட்டும் இன்னும் தகரக் கொட்டகை. புது நிலையம் கட்டும் வேலை ஞானசிகாமணிக்குக் கிடைத்திருந்தது. சாப்பாட்டுக்கும் மேளத்துக்கும் எவ்வளவோ கட்டியாயிற்று, உயிர் காக்க ஒன்று கட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான்காவது பிளானும் திரும்பினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"முகப்புல வளைவு. அதைத் தாண்டினா வரவேற்பு ஹால். வண்டி நேரா உள்ள வந்து நிக்கலாம். ஆளுங்களுக்கு மாடியில, பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்து, காத்தோட்டமா ரூம். இதுல என்ன தப்பு?"

தில்லைநாயகி எழுந்து வாசலுக்குப் போனார்.

அங்கே ஞானசிகாமணியின் செருப்பு கிடந்தது. எந்த வாசலானாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற மனிதர் அவர்.

தில்லைநாயகி குனிந்தார். அந்த ஜோடியைத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

ஞானசிகாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கெளம்புன்னு சொல்றீங்க. புரியுது."

"ஆமா சார். கெளம்பறதுக்குத்தான்."

அவர் பிளானைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். காலை வைத்தார். செருப்பு தானாக ஏறிக்கொண்டது.

அப்போது மணி அடித்தது.

உள்ளே கேரம் ஆடிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் காய்களை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சுவரோரம் ஏழு ஜோடி பூட்ஸ், ஏழும் தெருவைப் பார்த்து இருந்தன. கால்கள் நுழைந்தன, ஓடின. வண்டியும் தெருவைப் பார்த்துத்தான் நின்றது. தில்லைநாயகி முன்னால் ஏறிக்கொண்டார்.

பிளானுக்கு ரப்பர் பேண்டு போட்டு முடிப்பதற்குள் கொட்டகை காலி.

ஞானசிகாமணி கொட்டகையைப் பார்த்தார். கையிலிருந்த சுருளைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"வர்றவங்களுக்குப் பன்னீர் தெளிச்சே பழகிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் வண்டி திரும்பியது. கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைத் தூக்கிவிட்டு, உடம்பெல்லாம் சேறும் வாயெல்லாம் பல்லுமாக எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். ஓட்டுநர் வண்டியைத் தெருவிலேயே திருப்பி, பின்பக்கமாகக் கொட்டகைக்குள் விட்டார். ஞானசிகாமணி அதைக் கடைசிவரை இருந்து வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த திங்கட்கிழமை நான்காவது பிளானோடு வந்தார்.

வாசலில் நின்றார். உடம்பைத் தெருப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். அப்படியே ஓரடி ஓரடியாகப் பின்னால் நடந்து அறைக்குள் வந்தார். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

மேசைமேல் சுருளை வைத்தார்.

தில்லைநாயகி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"முதல்ல பிரிச்சுப் பாருங்க மேடம்."

"பார்த்துட்டேன் சார்."