நேர்விளைக்காரர்கள் உபதேசியார் பள்ளியில் இடம் கேட்ட கதை

ஒரு ஊரிலே ஒரு வேதக்கோயில் இருந்ததாம், கோயிலுக்கு மணியும் இருந்ததாம், ஜெபம் நடத்த உபதேசியார் மட்டும் இல்லையாம். ஊர் பெயர் நேர்விளை. சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஊர்.

'இந்த வருஷமாவது உங்களில் ஒருவனை உபதேசியார் பள்ளியில் சேருங்கள். இல்லையென்றால் கோயிலைப் பூட்டிவிடுவோம்' என்று சபை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கூடவே பள்ளியின் சேர்க்கை விதிகள். ஊர் வாலிபன் மாசிலாமணியை அனுப்புவதென்று முடிவாயிற்று. ஊர்ப் பெரியவர் அருமைநாயகம் விதிகளை வாசித்தார்.

"மாணவன் அழைப்பைப் பெற்றவனாக இருக்க வேண்டும்."

"சாப்பாட்டுக்கு அழைச்சது சேருமா மாமா?" என்றான் மாசிலாமணி.

"உன்னைய எவ அழைச்சா? வாசம் அடிச்சாலே வந்து உக்காந்துருதியே!" என்றாள் அவன் அம்மா கிருபை.

ஆகவே அவனைப் பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அருமைநாயகம் இந்தப் பக்கம் நின்று, "ஏல மாசிலாமணீ!" என்று மூன்று தரம் அழைத்தார். அழைப்பைப் பெற்றுக்கொண்டு வந்தான்.

"அடுத்தது, ஆத்தும பாரம் உள்ளவனாக இருக்க வேண்டும்."

"எத்தனை கிலோ?" என்றான் மாசிலாமணி.

"போடலியே."

"எங்க ஆட்டுக்குழவி போதும். முதுகுல கட்டிருவோம்" என்றாள் கிருபை.

"முதுகுலயா? ஆத்துமா நெஞ்சுலல்லா இருக்கு!" என்றார் அருமைநாயகம்.

ஊரே தலையாட்டியது. குழவியை நெஞ்சில் கட்டினார்கள்.

கடைசி விதி, 'பழைய மனுஷனைக் களைந்தவனாக இருக்க வேண்டும்.' ஊரிலேயே பழைய மனுஷன் சுவிசேஷமுத்துத் தாத்தா. தொண்ணூற்றொன்று நடக்கிறது.

"சட்டையைப் போட்டாத்தானே கழத்த முடியும்? முதல்ல தாத்தாவைப் போடணும்" என்றார் அருமைநாயகம்.

தாத்தா மறுக்கவில்லை. மாசிலாமணியின் முதுகில் ஏறிக்கொண்டு, "குலுக்காம நடடே, வெத்தலை போடணும்" என்றார். முன்னால் குழவி, பின்னால் தாத்தா. எந்தப் பக்கமும் சாயாமல் ஏழு மைல் நடந்தான். துணைக்கு அருமைநாயகம்.

பள்ளி முதல்வர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அழைப்பு உண்டா தம்பி?"

"மூணு தரம் ஐயா. மாமாதான் அழைச்சாரு."

"ஊர் ஜனங்களுக்காக ஆத்தும பாரம்?"

"மூச்சு முட்டுது ஐயா."

"பாவத்தில் கிடந்த பழைய மனுஷனைக் களைந்தாயிற்றா?"

"இந்தா ஐயா" என்று தாத்தாவை நாற்காலியில் இறக்கினான்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். பிறகு, "அடுத்த வருஷம் பார்க்கலாம். போயிட்டு வாங்க" என்றார்.

களைந்த தாத்தாவை அங்கேயே விட்டுவிட்டு, மற்ற இருவரும் வெளிவாசல் வரை போனார்கள். வந்தார்கள்.

"போயிட்டு வந்துட்டோம் ஐயா."

"ஐயோ, போயிட்டு வாங்கன்னு சொன்னேனே!"

மறுபடியும் போனார்கள், வந்தார்கள். ஐந்தாம் தரம் குழவியோடு தள்ளாடி வந்த மாசிலாமணியைப் பார்த்து முதல்வர் மனம் இளகிவிட்டது.

"இவ்வளவு கீழ்ப்படிகிறவனை நான் கண்டதில்லை" என்று பதிவேட்டில் அவன் பெயரை எழுதினார். கோயில் தப்பியது. அருமைநாயகம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல்வர் இந்தத் தரம் உஷாராக, "பையன் இருக்கட்டும். பெரியவங்க ரெண்டு பேரும் போங்க" என்றார்.

அருமைநாயகத்தின் முகம் கறுத்தது. "வெறும் 'போங்க'வா? நாங்க என்ன எழவு வீட்டுக்கா வந்திருக்கோம்? ஏல, மரியாதை தெரியாத இடத்துல நீ என்னத்தைப் படிக்கப் போற? பேரை அடிக்கச் சொல்லிட்டுக் கிளம்பு!"

"மாமா, கோயிலைப் பூட்டிருவாங்களே?"

"பூட்டட்டும். பூட்டுறவன் 'போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டாவது போவாம்லா!"

பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு இருவரும் விறுவிறுவென்று போய்விட்டார்கள். களைந்த தாத்தா அங்கேயே நாற்காலியில் வெற்றிலை மென்றபடி, விடை கொடுப்பார் என்று முதல்வர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல்வர் யோசித்தார். போங்க என்றால் கோபம் வரும். போயிட்டு வாங்க என்றால் தாத்தா திரும்பி வருவார். வெயில் தாழும்வரை யோசித்தார். பிறகு எழுந்து குடையை எடுத்தார்.

"அப்போ நான் போயிட்டு வாரேன் தாத்தா."

"நல்லது ஐயா. போயிட்டு வாங்க" என்றார் தாத்தா.

முதல்வர் வெளிவாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.