சேறு பட்ட வெள்ளைத் துணி

தேனு, கையெல்லாம் மாம்பழச் சாறு, தள்ளிப் படு. மூணு மணிக்குப் பெரியப்பா வார்டு எலெக்‌ஷனுக்கு மனு குடுக்கப் போகணும். சலவை வேட்டி இது ஒண்ணுதான் இருக்கு.

"கேண்டிடேட்டுன்னா வெள்ளைதான் கட்டணுமா, பெரியப்பா?"

அதுக்கு ஒரு கதை இருக்கு. கேட்டுக்கிட்டே தூங்கிடணும், சரியா?

ரோமுன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல பதவிக்கு ஆசைப்பட்டவன் ஒருத்தன், பேரு டைட்டஸ். அவங்க பேசுன லத்தீன்ல 'கேண்டிடஸ்'னா பளிச்சுனு வெள்ளை. ஓட்டுக் கேட்டுப் போறவங்க சாக்பீஸ் மாதிரி ஒரு வெள்ளை மண்ணைத் துணியில தேய்ச்சுக்குவாங்க. அதனால வெள்ளை உடுத்தினவன்னு பேரு வந்துச்சு. அதுதான் நம்ம கேண்டிடேட்டு. ம்?

"ம்."

டைட்டஸும் சரக் சரக்குனு தேய்ச்சுக்கிட்டுக் கிளம்பினான். வழியில ஒரு கிழவியோட எண்ணெய்க் குடம் சாயுது. "ஒரு கை புடிப்பா"ன்னா. "துணி அழுக்காயிடுமே பாட்டி"ன்னு ஒதுங்கிட்டான். அப்புறம் சேத்துல ஒரு கழுதை மாட்டிக்கிச்சு. "தள்ளு தம்பி!"ன்னான் கழுதைக்காரன். "ஜெயிச்சு வந்து ரோடே போட்டுத் தரேன்"னான் இவன். "அதுவரைக்கும் கழுதை இங்கயே நிக்கணுமாக்கும்?"னான் கழுதைக்காரன்.

அப்போ தொபுக்குனு ஒரு சத்தம். சாக்கடையில ஒரு சின்னப் புள்ள. ரெண்டு கையையும் நீட்டி அழுவுது. டைட்டஸ் நின்னான். வேற யாராவது வருவாங்கன்னு நினைச்சான். போயிட்டான். ஜெயிச்சுட்டான். அவ்வளவுதான், கண்ணை மூடு.

"ம்ஹூம்."

ஏன்டி?

"புள்ள இன்னும் சாக்கடையிலதானே இருக்கு?"

ஆமால்ல. இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். ஒருத்தரும் கேட்டதில்ல. நானும் கேட்டுக்கிட்டதில்ல.

சரி, அவன் ஜெயிக்கல. பாதி வழியில நின்னான். அப்புறம் தடதடன்னு திரும்பி ஓடினான். தூக்கினான். புள்ள கழுத்தைக் கட்டிக்கிச்சு. வெள்ளைத் துணியில அஞ்சு விரலும் சேறா பதிஞ்சுது. அப்படியே போய் ஓட்டுக் கேட்டான், எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. தோத்துட்டான்.

"அழுதானா?"

தெரியலம்மா. தோக்கறதுன்னா எனக்கும் பயமாத்தான் இருக்கு.

"புள்ள வீட்டுக்குப் போயிடுச்சா?"

போயிடுச்சு.

"ம்..."

கொட்டாவி வந்துடுச்சா? வா, அந்தக் கையோடவே கிட்ட வந்து படு. வேட்டி கிடக்கட்டும். புள்ளயும் வீடு போய்ச் சேந்துடுச்சு, கதையும் ஆச்சு, தூங்கு.